சவுக்கு நாற்று வாங்கப் போறீங்களா? குளோன்னா என்ன, மர ஆராய்ச்சியால விவசாயிக்கு என்ன லாபம்? - முழு விளக்கம்

நெல்லில் புது ரகம் வந்தால் ஊரெல்லாம் பேச்சு. தக்காளி விலை ஏறினால் அன்றைக்கே செய்தி. ஆனா, மரத்தில் புது ரகம் வந்தால் யாருக்கும் தெரிவதில்லை. இத்தனைக்கும் நாம் எழுதும் நோட்டு, வீடு கட்டும்போது போடும் சாரம், கல்யாணப் பந்தலின் கால், வாழைக்குக் கொடுக்கும் முட்டு என எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த மரம் பெரும்பாலும் சவுக்கு.

இன்றைக்குச் சவுக்கு போட நினைக்கும் விவசாயி நாற்றங்காலுக்குப் போனால், முதலில் கேட்கப்படும் கேள்வி: "விதை நாற்றா, குளோன் நாற்றா?" பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் அன்றைக்குச் செய்யும் தேர்வு சரியா தப்பா என்பது வெட்டும்போதுதான் தெரியும். அதற்கு 3 முதல் 5 வருஷம் ஆகும். நெல் மாதிரி அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ள முடியாது.

இந்தத் தேர்வுக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சி என்ன? அதைச் செய்வது யார்? அதில் என்ன லாபம், என்ன ஆபத்து? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காட்டு மரம் வயலுக்கு வந்தது எப்படி?

ஒரு காலத்தில் காகித ஆலை, ரேயான் ஆலை, தீப்பெட்டித் தொழில், பிளைவுட் தொழில் எல்லாவற்றுக்கும் மரம் காட்டிலிருந்துதான் வந்தது. ஆலைகளின் தேவைக்காகவே காட்டு நிலத்தில் ஒரே வகை மரங்களை நடுவதும் நடந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் இயற்கையான புல்வெளிகளில் யூகலிப்டஸும் வாட்டிலும் நடப்பட்டன. வாட்டில் பட்டை தோல் பதனிட உதவும் என்பது ஒரு காரணம். அந்தப் புல்வெளிகளை மீட்கும் வேலை இன்றைக்கும் முடிந்தபாடில்லை.

திருப்பம் வந்தது 1988இல். அந்த ஆண்டு வெளியான தேசிய வனக் கொள்கை, தொழிற்சாலைகள் தங்களுக்குத் தேவையான மரத்தைத் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றது. அதற்கு ஒரு வழியும் சொன்னது: மரம் வளர்க்கக்கூடிய மக்களோடு ஆலைகள் நேரடித் தொடர்பு வைத்து, கடன், தொழில்நுட்ப ஆலோசனை, அறுவடை, போக்குவரத்து ஆகியவற்றில் உதவ வேண்டும். இயற்கைக் காட்டை ஆலைகளின் தோட்டத்துக்காகக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னது. அதற்கு முன்பே 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. பின்னர், 1996 டிசம்பரில் கோதவர்மன் திருமுல்பாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு மரம் வெட்டுவதில் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கியது.

சுருக்கமா சொன்னா, காட்டின் கதவு மூடியது. வயலின் கதவு திறந்தது. இன்று இந்தியாவில் தொழிற்சாலைகளுக்குப் போகும் மரத்தில் பெரும்பகுதி காட்டுக்கு வெளியே, அதாவது விவசாயிகளின் நிலத்திலிருந்துதான் வருகிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். காட்டில் மரம் 30 வருஷம் நின்றாலும் அது அரசின் நிலம். விவசாயியால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியுமா? முடியாது. சீக்கிரம் வளரணும், நேராக வளரணும், நிறைய எடை வரணும், நோய் தாங்கணும். அப்படிப்பட்ட மரம் தானாக வராது. இங்கேதான் ஆராய்ச்சிக்கு வேலை வந்தது.

தமிழ்நாட்டில் சவுக்கு ஏன் முக்கியம்?

சவுக்கு நம்ம ஊர் மரம் போலவே ஆகிவிட்டாலும், தமிழகக் கடற்கரையில் இது பெரிய அளவில் நடப்பட்டது 19ஆம் நூற்றாண்டில்தான். அன்றைக்கு ரயில் இன்ஜினுக்கு விறகு வேண்டியிருந்தது. வேறு பயிர் வராத கடலோர மணலில் சவுக்கு வந்தது. பிறகு அதுவே செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர், புதுச்சேரி, நாகப்பட்டினம் என்று கடலோரம் முழுக்க விவசாயிகளின் பயிரானது.

பார்க்க பைன் மரம் போல இருந்தாலும் சவுக்கு அந்தக் குடும்பமே இல்லை. நாம் 'முள்', 'ஊசி இலை' என்று சொல்வது உண்மையில் இலையே அல்ல, மெல்லிய பச்சைக் கிளை. அதை மூட்டில் பிரித்து மறுபடி ஒட்டவைத்து, "எங்கே பிரிச்சேன் சொல்லு" என்று பிள்ளைகள் விளையாடுவார்கள். அந்த மூட்டுகளில் பல் போலச் சின்னதாகத் தெரிபவைதான் உண்மையான இலைகள். இலைப்பரப்பு இவ்வளவு சுருங்கி இருப்பதும் மரம் வறட்சியைத் தாங்க ஒரு காரணம்.

இன்னொரு ரகசியம் வேரில் இருக்கிறது. பயறு, உளுந்து வேரில் முடிச்சு இருப்பது போலச் சவுக்கு வேரிலும் முடிச்சு உண்டு. பயறில் இருப்பது ரைசோபியம். சவுக்கில் இருப்பது ஃபிராங்கியா என்ற வேறொரு நுண்ணுயிர். காற்றில் உள்ள நைட்ரஜனை மரத்துக்குச் சத்தாக மாற்றித் தருவது இதுதான். சத்தில்லாத மணலில்கூட சவுக்கு தழைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நாற்றங்காலிலேயே ஃபிராங்கியாவைக் கொடுத்து நாற்றைத் திடமாக்கும் முறையையும் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள்.

ஒரே சவுக்கு இல்லையா? எத்தனை வகை?

நம் விவசாயிக்குத் தெரிய வேண்டியது மூன்று.

முதலாவது, கடற்கரையில் காலங்காலமாக இருக்கும் ஈக்விசெட்டிஃபோலியா சவுக்கு. 'நாட்டுச் சவுக்கு' என்று பலரும் சொல்வது இதைத்தான். உப்புக் காற்றும் மணலும் இதற்குப் பழக்கம்.

இரண்டாவது, ஜுங்குனியானா சவுக்கு. இதன் தாயகம் இந்தோனேசியா. ஜாவா, பாலி, தைமூர் தீவுகளில் இயற்கையாக வளர்வது. தண்டு நேராக வரும், உள்நாட்டு வறட்சியையும் தாங்கும்.

மூன்றாவது, இந்த இரண்டையும் சேர்த்து உருவாக்கிய கலப்பினம். நாட்டுச் சவுக்கின் குணமும் ஜுங்குனியானாவின் குணமும் ஒரே மரத்தில் கிடைக்குமா என்று தேடியதன் விளைவு இது.

கலப்பினம் உருவாக்குவது சொல்லும் அளவுக்குச் சுலபம் இல்லை. சவுக்குக்குக் காற்றுதான் மகரந்தச் சேர்க்கை செய்கிறது. ஜுங்குனியானாவில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. எந்த ஆணின் மகரந்தம் எந்தப் பெண் பூவில் விழுந்தது என்று காற்றைக் கேட்க முடியாது இல்லையா? அதனால் பெண் பூக்களை உறைபோட்டு மூடி, தேர்ந்தெடுத்த ஆண் மரத்தின் மகரந்தத்தை மனிதர்களே கையால் சேர்த்து, மறுபடி மூடி, விதை முற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த ஆராய்ச்சியைச் செய்வது யார்?

இந்தியாவில் வன ஆராய்ச்சிக்கு வயது நூற்றுக்கும் மேல். டேராடூனில் 1906இல் தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனம் அதன் ஆரம்பப் புள்ளி. கோயம்புத்தூரில் 1912இல் வனக் கல்லூரி வந்தது.

மரத்தின் மரபணுவையும் இனப்பெருக்கத்தையும் மட்டுமே ஆராய்வதற்கென்று கோவையில் 1988இல் ஒரு நிறுவனம் உருவானது. அதுதான் மத்திய அரசின் வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம். வனக் கொள்கை வந்த அதே ஆண்டு என்பதைக் கவனிக்கலாம். 1990களில் பல நாடுகளிலிருந்து சவுக்கு விதைகளைச் சேகரித்து, ஒரே இடத்தில் அருகருகே நட்டு, எது நன்றாக வருகிறது என்று பார்க்கும் சர்வதேசச் சோதனைகள் நடந்தன. ஆஸ்திரேலிய விதை மையத்தின் ஒத்துழைப்போடு நடந்த இந்தச் சோதனைகளில் கோவை நிறுவனமும் பங்கெடுத்தது. இன்றைய நல்ல ரகங்களுக்கு அடித்தளம் அங்கே போடப்பட்டது.

இன்னொரு முக்கிய இடம் மேட்டுப்பாளையம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இங்கே இருக்கிறது. மர ரகங்களோடு இந்தக் கல்லூரி இன்னொரு வேலையும் செய்தது: ஒப்பந்த மரச் சாகுபடி. ஆலை, விவசாயி, ஆராய்ச்சி நிறுவனம், வங்கி என நான்கு தரப்பையும் ஒரே ஒப்பந்தத்தில் கொண்டுவரும் முறை அது.

மூன்றாவது தரப்பு, ஆலைகள். தமிழக அரசு 1979இல் தொடங்கிய டி.என்.பி.எல். நிறுவனம் கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கிறது. 1984இல் உற்பத்தி தொடங்கியது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்காக உருவான ஆலை இது. ஆனாலும் சக்கைக் கூழோடு மரக்கூழும் தேவைப்படுகிறது. அதனால் 2004-05 முதல் விவசாயிகளுக்கு நாற்று கொடுத்து, வளர்ந்த மரத்தை வாங்கிக்கொள்ளும் திட்டத்தை நடத்தி வருகிறது. ஈரோடு பக்கம் பள்ளிபாளையத்தில் இருக்கும் சேஷசாயி காகித ஆலைக்கும் மரம் ஒரு முக்கிய மூலப்பொருள்.

சரி, குளோன்னா என்ன?

பேரைக் கேட்டு பயப்பட வேண்டாம். செம்பருத்திக் குச்சியை ஒடித்து நட்டால் அதே பூ பூக்கிறது. முருங்கைப் போத்து வைத்தால் தாய் மரத்தின் அதே ருசியில் காய் வருகிறது. அதுவும் குளோன்தான். விதை இல்லாமல் தாய் மரத்தின் ஒரு துண்டிலிருந்து வளர்வது. மரபணு மாற்றம் எதுவும் இதில் கிடையாது.

விதை நாற்றில் அப்பா, அம்மா இரண்டு மரங்களின் குணமும் கலந்து வரும். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் உயரம், ஒருவர் குள்ளம் என்று இருப்பது போலத்தான். ஒரு வயலில் நூறு விதை நாற்று நட்டால் சில மரம் தடிக்கும், சில மரம் இளைக்கும், சில மரம் வளையும். குளோனில் அந்த ஏற்றத்தாழ்வு குறைவு. எல்லாம் ஒரே தாயின் நகல் என்பதால் வளர்ச்சியும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும்.

ஒரு குளோன் ரகம் வர எவ்வளவு நாள் ஆகும்?

படிப்படியாகப் பார்த்தால் புரியும்.

1. முதலில் ஆயிரக்கணக்கான மரங்களில் தேடுவார்கள். பக்கத்து மரங்களைவிட உயரமாக, தடிமனாக, நேராக, நோய் இல்லாமல் இருக்கும் மரத்தைக் குறித்துக்கொள்வார்கள். இதற்கு 'பிளஸ் மரம்' என்று பெயர்.

2. அந்த மரம் நன்றாக இருப்பதற்குக் காரணம் பரம்பரையா, அல்லது அது நின்ற இடத்தில் தண்ணீர் கூடுதலாகக் கிடைத்ததா? இதைக் கண்டுபிடிக்க, அதன் வாரிசுகளையோ நகல்களையோ மற்ற மரங்களோடு சேர்த்து நட்டு ஒப்பிட வேண்டும். இதற்கே மூன்று நான்கு வருஷம் போய்விடும்.

3. ஜெயித்தவற்றை மட்டும் எடுத்து மணல், செம்மண், உள்நாடு, கடலோரம் என வெவ்வேறு இடங்களில் மறுபடி நடுவார்கள். மறுபடி மூன்று நான்கு வருஷம்.

4. எல்லா இடத்திலும், அல்லது குறிப்பிட்ட ஓரிடத்தில் தொடர்ந்து நன்றாக வந்தவற்றின் விவரங்கள் ரக வெளியீட்டுக் குழுவுக்குப் போகும். குழு ஒப்புக்கொண்டால்தான் அது அதிகாரபூர்வ ரகம்.

5. பிறகு உரிமம் பெற்ற நாற்றங்கால்களும் ஆலைகளும் அதைப் பெருக்கி விவசாயிக்குக் கொடுக்கும்.

கூட்டிப் பார்த்தால் பத்து வருஷம் சாதாரணமாகப் போய்விடும். கலப்பினம் என்றால் இன்னும் கூடும். நெல்லில் ஒரு வருஷத்துக்கு இரண்டு மூன்று போகம் சோதிக்கலாம். மரத்தில் ஒரு விஞ்ஞானி தன் பணிக்காலத்தில் பார்க்க முடிவதே சில தலைமுறைகள்தான். மர ஆராய்ச்சிக்குத் தொடர்ந்து நிதி வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இது. நடுவில் ஒரு சோதனைத் தோட்டம் கைவிடப்பட்டால், போன வருஷங்கள் திரும்பி வராது.

நாற்றங்காலில் என்ன நடக்கிறது?

தேர்ந்தெடுத்த தாய்ச் செடிகளை நெருக்கமாக நட்டு, அடிக்கடி வெட்டி வெட்டித் துளிர்க்க விடுவார்கள். அந்த இளம் துளிரைச் சின்னக் குச்சியாக வெட்டி, வேர்விடத் தூண்டும் ஹார்மோனில் தோய்த்து, 'ரூட் டிரெய்னர்' எனப்படும் பிளாஸ்டிக் குழிகளில் ஊன்றுவார்கள். ஈரப்பதம் குறையாத பசுமைக்குடிலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். பிறகு நிழல் வலை, அதன்பின் வெயில் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார்கள். இந்தக் கடைசிக் கட்டத்தைத் தவிர்த்துவிட்டு அவசரமாக விற்ற நாற்று, வயலில் வெயில் பட்டதும் காய்ந்துபோக வாய்ப்பு அதிகம்.

ரூட் டிரெய்னரின் உள்பக்கத்தில் நீளவாக்கில் கோடுகள் இருக்கும். வேர் சுருண்டுகொள்ளாமல் நேராக இறங்கத்தான் அது. வேர் சுருண்ட நாற்று முதல் வருஷம் நன்றாகவே தெரியும். பலத்த காற்று அடிக்கும்போதுதான் சிக்கல் வெளியே வரும்.

விவசாயிக்குக் கணக்கு எப்படி மாறும்?

ஒரு எளிய கணக்கு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 4,000 மரம். நல்ல ரகத்தால் மரத்துக்கு 5 கிலோ மட்டும் எடை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4,000 பெருக்கல் 5 என்றால் 20,000 கிலோ. அதாவது ஏக்கருக்கு 20 டன் கூடுதல். நிலம் அதே நிலம். உழவு, தண்ணீர், காவல் செலவும் கிட்டத்தட்ட அதேதான். மாறியது நாற்று மட்டும்.

இதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். குளோன் என்று நம்பி அதிக விலை கொடுத்து வாங்கியது சாதா நாற்றாக இருந்தால், நஷ்டம் நாற்று விலையோடு நிற்காது. மூன்று நான்கு வருஷத்தின் விளைச்சலே போகும்.

ஆலைக்கு எடை மட்டும் போதாது. மரத்தில் செல்லுலோஸ், லிக்னின் என்று இரண்டு முக்கியப் பொருள்கள் உண்டு. காகிதமாவது செல்லுலோஸ் நார். லிக்னின் அந்த நார்களை ஒட்டிவைத்திருக்கும் பசை போன்றது. ரசாயனம் சேர்த்து வேகவைத்து அதை நீக்க வேண்டும். எந்த ரகத்தில் ஒரு டன் மரத்துக்கு அதிகக் கூழ் கிடைக்கிறதோ, அதில் ஆலைக்கு ரசாயனமும் எரிபொருளும் மிச்சம். அதனால் ரகத் தேர்வில் கூழ் அளவும் சோதிக்கப்படுகிறது.

காகிதத்துக்கு வெளியேயும் இந்த ஆராய்ச்சி பயன்படுகிறது. வாழை விவசாயிகளுக்காகவே, வயலைச் சுற்றிக் காற்றுத் தடுப்பாக நடுவதற்கென்று தனிச் சவுக்கு ரகங்களைக் கோவை நிறுவனம் தேர்ந்தெடுத்திருக்கிறது. பிளைவுட்டுக்கு மலைவேம்பு ரகங்கள் வந்திருக்கின்றன.

வெளிநாட்டில் இதற்கு முன்னோடி உண்டா?

உண்டு. பிரேசிலின் அராக்ரூஸ் நிறுவனம். அங்கே யூகலிப்டஸ் தோட்டங்களில் 1970களில் தண்டு அழுகல் நோய் பரவியது. நோய் தாக்காமல் தப்பி நின்ற நல்ல மரங்களிலிருந்து குச்சி எடுத்துப் பெருக்கினார்கள். பெரிய அளவில் குளோன் தோட்டம் போட முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது இந்த முயற்சிதான். அந்தக் குழுவுக்கு 1984இல் வனத்துறையின் உயரிய விருதுகளில் ஒன்றான மார்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைத்தது. இந்தியாவில் இதே வழியில் 1980களின் இறுதியில் யூகலிப்டஸ் குளோன் வேலையைத் தொடங்கியது, இன்றைய தெலங்கானாவில் இருக்கும் பத்ராசலம் காகித ஆலை.

எல்லாம் நல்லதுதானா? ஆபத்து இல்லையா?

இருக்கு. குளோனின் பலம் எதுவோ அதுதான் அதன் பலவீனமும்: எல்லா மரமும் ஒரே மாதிரி. ஒரு நோய்க்கு ஒரு மரம் வழிவிட்டால், பக்கத்து மரமும் வழிவிடும்.

இதை யூகலிப்டஸ் விவசாயிகள் அனுபவித்தே தெரிந்துகொண்டார்கள். 2000ஆம் ஆண்டையொட்டி மத்தியதரைக் கடல் பகுதியில் ஒரு சின்னக் குளவி கவனத்துக்கு வந்தது. நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து பரவிய இந்தக் குளவி யூகலிப்டஸின் இளம் இலையிலும் துளிரிலும் முட்டை வைக்கும். அந்த இடம் கட்டியாகப் புடைக்கும், செடி குட்டையாகும். சில ஆண்டுகளிலேயே இது தென்னிந்தியாவுக்கும் வந்துவிட்டது. சில குளோன்கள் மோசமாக அடிபட்டன, சில தாங்கின. பின்னர் அந்தக் குளவியையே தின்று வளரும் வேறொரு குட்டிக் குளவியைக் கொண்டு கட்டுப்படுத்தும் முறை வந்தது. பூச்சி வந்தபோது கையில் பல ரகங்கள் இருந்ததால்தான் தாங்கும் ரகத்தைத் தேட முடிந்தது என்பது இதில் முக்கியப் பாடம்.

சவுக்குக்கும் எதிரி உண்டு. பட்டைக் கொப்புள நோய் என்ற பூஞ்சை நோய். பட்டையில் கொப்புளம் கிளம்பி வெடிக்கும், உள்ளே கரும்பொடி போன்ற வித்துகள் இருக்கும், மரம் காயும். இதைத் தாங்கும் ரகம் எது என்பது சவுக்கு ஆராய்ச்சியின் முக்கியக் கேள்விகளில் ஒன்று.

புயல் இன்னொரு கவலை. 2011 டிசம்பரில் தானே, 2018 நவம்பரில் கஜா என்று சவுக்கு விளையும் கடலோரத்தையே புயல்கள் தாக்கின. பல வருஷம் காத்திருந்து எடுக்க வேண்டிய விளைச்சல் ஒரே இரவில் சாயும் அபாயம் மரப் பயிரில் எப்போதும் உண்டு.

மரத்தோட்டம் போட்டால் காடு பெருகுமா?

இந்தக் குழப்பம் பலருக்கும் இருக்கிறது. மூன்று வருஷத்தில் வெட்டப்போகும் சவுக்குத் தோப்பு ஒரு பயிர். அது கரும்பு மாதிரி. பல வகை மரம், செடி, கொடி, பறவை, விலங்கு சேர்ந்த காட்டுக்கு அது ஈடாகாது.

ஆனால் காட்டுக்கு அதனால் மறைமுகமான ஒரு நன்மை உண்டு. வயலில் மரம் கிடைத்தால் காட்டு மரத்தின் மேல் அழுத்தம் குறையும். இது நடக்க வேண்டும் என்றால் தோட்டம் போடும் இடம் சரியாக இருக்க வேண்டும். இயற்கையான புல்வெளியிலும், நிலத்தடி நீர் ஏற்கெனவே வற்றிய இடத்திலும் வேகமாக வளரும் மரத்தை நெருக்கமாக நடுவது பிரச்சினையை வேறு இடத்துக்கு மாற்றுவதுதான். நிலத்தடி நீர் கவலையால் கர்நாடக அரசு 2017இல் யூகலிப்டஸ் புதிதாக நடுவதற்கே தடை போட்டது. எந்த மரத்தை எங்கே நடக் கூடாது என்று சொல்வதும் ஆராய்ச்சியின் வேலைதான்.

நாற்று வாங்கும் முன் விவசாயி கேட்க வேண்டிய 7 கேள்விகள்

நெல் விதை மூட்டையில் இருக்கும் சான்று அட்டை மாதிரி மர நாற்றில் எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. அதனால் கேட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு.

1. ரகத்தின் பெயர் என்ன? "குளோன்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த நிறுவனம் வெளியிட்ட எந்த ரகம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. உரிமம் இருக்கா? அந்த ரகத்தைப் பெருக்க நாற்றங்காலுக்கு அனுமதி உள்ளதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ரகத்தை வெளியிட்ட நிறுவனத்திலேயே விசாரிக்கலாம்.

3. என் மண்ணுக்கு இது வருமா? கடலோர மணலில் நன்றாக வந்த ரகம், தண்ணீர் தேங்கும் களிமண்ணில் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. உங்கள் பக்கத்தில் யார் நிலத்தில் இதே ரகம் நிற்கிறது என்று கேட்டு, நேரில் போய்ப் பாருங்கள்.

4. நாற்றின் வேர் எப்படி இருக்கு? ஒன்றிரண்டு நாற்றைக் குழியிலிருந்து எடுத்துப் பாருங்கள். வேர் வெள்ளையாக, நேராக இறங்கியிருக்க வேண்டும். சுருண்டு பந்து போல இருந்தால் வேண்டாம்.

5. ஒரே ரகமா, கலந்தா? நிலம் அதிகம் இருந்தால் முழுக்க ஒரே ரகம் போடாமல், இரண்டு மூன்று ரகங்களைத் தனித்தனிப் பகுதியாக நடுங்கள். ஒன்றில் நோய் வந்தாலும் மற்றது கைகொடுக்கும்.

6. எதற்காக வளர்க்கிறேன்? காகிதத்துக்கா, சாரக் கம்புக்கா, காற்றுத் தடுப்புக்கா? கம்புக்கு நேரான, மெல்லிய தண்டு வேண்டும், நெருக்கமாக நடலாம். கூழுக்கு எடை முக்கியம். ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 1,800 மரம்தான் வரும். ஆனால் ஒவ்வொன்றும் தடிக்க இடம் கிடைக்கும்.

7. வாங்குபவர் யார், எப்படி எடை போடுவார்? ஒப்பந்தம் போடுவதாக இருந்தால் விலை எப்படி முடிவாகும், பட்டையோடு எடையா பட்டை உரித்த பிறகா, வெட்டுக் கூலியும் லாரி வாடகையும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெட்டிய மரம் காயக் காய எடை குறையும். வெட்டியதற்கும் எடை மேடைக்கும் நடுவில் எத்தனை நாள் போகிறது என்பது நேரடியாக உங்கள் பணம்.

அடுத்து என்ன வரப்போகிறது?

ஒரு நாற்று சொன்ன ரகம்தானா என்பதை டி.என்.ஏ. சோதனையால் உறுதிசெய்ய முடியும். இது ஆய்வகத்தைத் தாண்டி நாற்றங்கால்வரை பழக்கத்துக்கு வந்தால், போலி குளோன் பிரச்சினைக்கு ஒரு தீர்வு கிடைக்கும். மரம் பெரிதாகும்வரை காத்திருக்காமல், நாற்றுப் பருவத்திலேயே அதன் மரபணுவைப் படித்து எது நன்றாக வரும் என்று கணிக்கும் வேலையும் உலகம் முழுக்க நடக்கிறது. அது கைகூடினால் ரகம் உருவாகும் காலம் குறையும். உவர் மண், அதிக வெப்பம், பலத்த காற்று ஆகியவற்றைத் தாங்கும் ரகங்களின் தேவையும் கூடிக்கொண்டே போகிறது.

சுருக்கமாகச் சொன்னால்...

* 1988 வனக் கொள்கைக்குப் பிறகு ஆலைகளின் மரத்தேவை காட்டிலிருந்து வயலுக்கு மாறியது.

* வேகமாக வளரும் சவுக்கு ரகங்களைக் கோவை, மேட்டுப்பாளையம் ஆராய்ச்சி நிறுவனங்களும் காகித ஆலைகளும் விவசாயிக்குக் கொண்டுவந்தன.

* குளோன் என்பது தாய் மரத்தின் நகல். மரபணு மாற்றிய பயிர் அல்ல.

* ஒரே ரகத்தை எங்கும் நட்டால் நோய், பூச்சி ஆபத்து கூடும்.

* ஒரு ரகத்தை உருவாக்க ஆராய்ச்சியாளர்களுக்குப் பத்து வருஷம் ஆகலாம். அதன் பலன் விவசாயியின் கைக்கு வருவது, நாற்று வாங்கும் அந்த அரை மணி நேரத்தில் கேட்கும் கேள்விகளைப் பொறுத்தது.